ஸ்பானிஷ், பாரசீகம், கன்னடம்... சேலம் சீமைக்கு வந்த தாமஸ் மன்றோ எந்த மொழியை எதற்காகப் படித்தார்?

பள்ளிபாளையம் காவிரிப் பாலத்தில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் ஈரோடு. வேலைக்கு, ஜவுளிச் சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சினிமாவுக்கு என்று மக்கள் தினமும் யோசிக்காமல் கடந்து போகும் பாலம் அது. ஆனால், 1792 முதல் 1799 வரை இங்கே ஆறு மட்டும் ஓடவில்லை. ஒரு நாட்டு எல்லையும் ஓடியது. இந்தக் கரை கிழக்கிந்திய கம்பெனிக்கு. அந்தக் கரை மைசூர் திப்பு சுல்தானுக்கு.

மூன்றாம் மைசூர் போரில் தோற்ற திப்பு, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். சேலம், சங்ககிரி, நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகள் கம்பெனியிடம் வந்தன. வந்ததும் ஒரு சிக்கல். இந்த ஊர்களைப் போய் நிர்வகிக்க யாரை அனுப்புவது? மெட்ராஸில் கம்பெனிக்கு சிவில் அதிகாரிகள் நிறைய பேர் இருந்தார்கள். ஆனால், உள்ளூர் மொழி ஒன்றாவது உருப்படியாகத் தெரிந்தவர்கள் அதில் மிகக் குறைவு.

அதனால் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஒரு வழக்கத்தை உடைத்தார். சிவில் அதிகாரிகளை ஒதுக்கிவிட்டு, மொழி தெரிந்த நான்கு ராணுவ அதிகாரிகளை அனுப்பினார். அந்த நால்வரில் ஒருவர்தான் தாமஸ் மன்றோ. பின்னாளில் மெட்ராஸ் கவர்னர். சென்னை தீவுத்திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் அதே மன்றோ.

ஜெர்மன் படிக்கலாமா, ஜப்பானிய மொழி படிக்கலாமா, பிரெஞ்சு எடுத்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வி இன்று பள்ளிபாளையத்து வீடுகளிலும் ஓடுகிறது. நர்சிங் முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது காசு, நேரம் இரண்டும் சம்பந்தப்பட்ட முடிவு. 240 ஆண்டுகளுக்கு முன்பு மன்றோவுக்கும் இதே கேள்விதான். ஒரே வித்தியாசம், அவருக்கு நம்ம ஊர் மொழிகள்தான் வெளிநாட்டு மொழி.

யார் இந்த தாமஸ் மன்றோ?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761 மே 27-ல் பிறந்தவர். அப்பா அலெக்சாண்டர் மன்றோ வணிகர். அமெரிக்காவின் வர்ஜீனியாவுடன் வியாபாரம். குடும்பத்துக்கு அப்போது குறை ஒன்றும் இல்லை.

சிறு வயதில் வந்த தட்டம்மை மன்றோவின் காதைப் பாதித்தது. அந்தக் காதுக் குறை கடைசி வரை போகவில்லை. மொழி படிக்கிறவருக்குக் காதுதான் முதல் கருவி என்பார்கள். அது சரியாக இல்லாத ஒருவர்தான் அடுத்தடுத்து மொழிகளைப் பிடித்தார் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பதின் வயதில் அவருக்கு டான் குயிக்ஸாட் நாவல் மீது பைத்தியம். மொழிபெயர்ப்பில் படித்தது போதவில்லை. மூல மொழியிலேயே படிக்க வேண்டும் என்று ஓர் இலக்கணப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு தானாகவே ஸ்பானிஷ் கற்றார். வாத்தியார் கிடையாது, வேலைக்காகவும் இல்லை. ஒரு புத்தகத்துக்காக ஒரு மொழி.

அந்த ஸ்பானிஷ் வீண் போகவில்லை. கிளாஸ்கோ வணிக நிறுவனம் ஒன்றுக்கு ஸ்பானிஷ் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுத்துப் பரிசு வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஆனால், அவ்வளவுதான். பிறகு அவர் வாழ்க்கையில் ஸ்பானிஷுக்குப் பெரிய வேலை வரவில்லை.

காரணம், அமெரிக்க விடுதலைப் போர். வர்ஜீனியா வியாபாரம் படுத்தது. அப்பா நொடித்துப் போனார். கணக்குப்பிள்ளையாக வணிக நிறுவனத்தில் உட்கார்ந்திருந்த மகன், கம்பெனி ராணுவத்தில் கேடட் வேலைக்குக் கப்பல் ஏறினார். 1780 ஜனவரியில் மெட்ராஸில் இறங்கியபோது வயது 18.

மெட்ராஸில் இறங்கியதும் ஏமாந்தார்

வந்த புதிதில் நடந்த ஒரு சம்பவம். வயதான ஒருவர் நற்சான்றுக் கடிதங்களோடு வந்து வேலைக்காரராகச் சேர்ந்தார். நீங்கள் கொண்டுவந்த துணியெல்லாம் இந்த ஊர் வெயிலுக்கு ஒத்துவராது, வேறு வாங்கி வருகிறேன் என்று சொல்லி, துணிமணியையும் கொஞ்சம் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால், அன்றைய மெட்ராஸில் இது ஒரு பெரிய அமைப்பின் சின்ன உதாரணம். புதிதாக வந்த வெள்ளைக்காரருக்கு ஊர் தெரியாது, பேச்சு தெரியாது. இடையில் நிற்பவர் சொல்வதுதான் உண்மை. அந்த இடையாளுக்குப் பெயர் துபாஷ். இரண்டு மொழி அறிந்தவர் என்று பொருள்படும் துவிபாஷி என்ற சொல்லில் இருந்து வந்தது. சந்தையில் காய்கறி வாங்குவதில் இருந்து அரசாங்கக் கடிதம் வரைக்கும் துபாஷ் வழியாகத்தான் போக வேண்டும். துபாஷ்களில் நேர்மையானவர்களும் இருந்தார்கள், பெரும் அறிஞர்களும் இருந்தார்கள். ஆனால், அவர் என்ன மொழிபெயர்த்தார் என்பதைச் சரிபார்க்க அதிகாரிக்கு வழியில்லை. பிரச்னை அங்கேதான்.

எந்த மொழி? அன்றைய கணக்கு

மன்றோ வந்த நேரத்தில் தென்னிந்தியாவில் ஐரோப்பியர் ஒருவர் படிக்க வாய்ப்புள்ள மொழிகள் ஏராளம்.

போர்ச்சுகீசியம் ஒரு காலத்தில் ராஜா. கடற்கரை ஊர்களில் ஐரோப்பியர்களும் உள்ளூர்க்காரர்களும் பேசிக்கொள்ள அதுதான் பொது மொழி. இங்கே வரும் ஆங்கிலேய மதகுருமார் ஒரு வருடத்துக்குள் போர்ச்சுகீசியம் கற்க வேண்டும் என்று 1698-ல் கம்பெனிக்குக் கிடைத்த சாசனத்திலேயே நிபந்தனை இருந்தது. மன்றோ வந்தபோது அதன் மவுசு இறங்கிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்தில் சோறு போட்ட மொழி பேரன் காலத்தில் போடும் என்று உத்தரவாதம் இல்லை.

அடுத்து ஹிந்துஸ்தானி. கம்பெனி அதிகாரிகள் அதற்கு வைத்திருந்த பெயர் மூர்ஸ். பல ஊர் சிப்பாய்கள் கூடும் படை முகாமில் பொதுவாக ஓடிய மொழி. சிப்பாய்க்கு உத்தரவு கொடுக்க அது போதும்.

பாரசீகம் வேறு ரகம். தென்னிந்தியாவில் வீட்டில் பேசுகிறவர்கள் அரிது. ஆனால், ஆற்காடு நவாப், ஹைதராபாத் நிஜாம், மைசூரின் ஹைதர் அலி, திப்பு என்று எல்லா அரசவைகளிலும் கடிதமும் உடன்படிக்கையும் அதில்தான். இன்றைக்கு ஆங்கிலம் எப்படியோ, அன்றைக்குப் பாரசீகம்.

இது போக மண்ணின் மொழிகள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மராத்தி. வரி கொடுக்கும் விவசாயி பேசுவது இவற்றில்தான். ஆனால், 1780-ல் ஒரு ராணுவ அதிகாரிக்கு விவசாயியிடம் பேச வேலையே இல்லை.

மன்றோ கையில் எடுத்தது ஹிந்துஸ்தானியும் பாரசீகமும். ஒன்று தினமும் வாயில் புழங்க, இன்னொன்று மேலே ஏற. யோசித்துப் பார்த்தால் கச்சிதமான ஜோடி.

தலையணைக்குப் பதில் புத்தகம்

படித்தது வசதியாக உட்கார்ந்து அல்ல. வந்த வருடமே இரண்டாம் மைசூர் போர் வெடித்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் ஒரு படையை ஹைதர் அலி துடைத்தெறிந்தார். அந்தப் படைக்கு உதவப் போக முடியாமல் பின்வாங்கிய இன்னொரு படையில் மன்றோ இருந்தார். நான்கு வருடம் போர். அதற்குப் பிறகு வேலூர், தஞ்சாவூர் என்று முகாம் மாறிக்கொண்டே இருந்தது.

சம்பளம் சொற்பம். அதிலும் ஒரு பகுதி கிளாஸ்கோவில் கஷ்டப்படும் அப்பா அம்மாவுக்கு. கிழிந்த உடை, தலைக்கு வைக்கப் புத்தகமோ தோட்டாப் பையோ என்று தன் நிலைமையைத் தங்கைக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். பதவி உயர்வோ நத்தை வேகம். கம்பெனி ராணுவத்தில் சீனியாரிட்டிதான் எல்லாம். சேர்ந்து 16 வருடம் கழித்து, 1796-ல்தான் கேப்டன் ஆனார்.

அந்த வரிசையில் நிற்காமல் முன்னால் போக ஒரே பக்க வாசல், மொழி.

தஞ்சாவூரில் இருந்தபோது அவரிடம் ஒரு பாரசீகக் கையெழுத்துப் பிரதி இருந்தது. கடன் வாங்கியவர் திருப்பித் தராவிட்டால் உடம்பில் இருந்து சதையை வெட்டிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம், வழக்கு நீதிபதியிடம் போகிறது என்று அதில் ஒரு கதை. எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வரும் ஷைலக் கதையேதான், வேறு ஊரில், வேறு ஆட்களோடு. மன்றோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினார். ஷேக்ஸ்பியர் ஆய்வில் அன்று பெரிய பெயரான எட்மண்ட் மலோன் அதைத் தன் பதிப்பின் குறிப்புகளில் சேர்த்துக்கொண்டார். தஞ்சாவூர் முகாமில் உட்கார்ந்திருந்த கடைநிலை அதிகாரி ஒருவரின் பெயர் லண்டன் புத்தகத்தில் ஏறியது அப்படித்தான்.

கிளாஸ்கோவில் டான் குயிக்ஸாட் படித்த பையன் இன்னும் உள்ளே உயிரோடுதான் இருந்தான் என்பது இதில் தெரிகிறது. வேலைக்காகப் படித்த மொழியிலும் ஒரு கதையைத் தேடிப் பிடித்துவிட்டார். பாடப்புத்தகம் முடிந்த பிறகும் ஒரு மொழி கையில் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

வாசல் திறந்தது

1788-ல் அந்தப் பக்க வாசல் திறந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரின் கீழ் உளவுத் துறையில் உதவியாளர் வேலை. முதலில் குண்டூர், பிறகு ஆம்பூர். மைசூர் எல்லையை ஒட்டிய ஆம்பூரில் இருந்து திப்புவின் படை எங்கே நகர்கிறது, தானியம் எங்கே சேமிக்கப்படுகிறது, எந்தக் கணவாய் திறந்திருக்கிறது என்று தகவல் சேகரிக்க வேண்டும். தகவல் கொண்டு வருபவர் ஒரு மொழி, பிடிபடும் கடிதம் ஒரு மொழி. துபாஷை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது.

கப்பலில் இருந்து இறங்கி எட்டு வருடம் கழித்துக் கிடைத்த வேலை இது. எட்டு வருடம்! இன்று ஜெர்மன் ஏ1 முடித்துவிட்டு, சான்றிதழை ஃபைலில் போட்டுவிட்டு, ஏன் வேலை வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் பொதுவாக பி1, பி2 நிலை வரை கேட்கிறார்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 என்பது வெறும் வாசல்படி, என்1 வரை ஐந்து படிகள். சென்னையில் கோத்தே இன்ஸ்டிட்யூட், அலியான்ஸ் ஃபிரான்ஸே போன்ற இடங்களில் வகுப்புகள் படிப்படியாக நடப்பதும் இதனால்தான். முதல் படியோடு நின்றால் ஃபீஸ் போனதுதான் மிச்சம்.

பாராமகால்: மொழி தெரிந்த நால்வர்

இனி சேலத்துக்கு வருவோம். 1792-ல் ரீட் தலைமையில் மூன்று உதவியாளர்கள் வந்தார்கள். வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஹாம். நடுவில் தருமபுரிப் பக்கம் மன்றோ. தெற்கே சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் வில்லியம் மெக்லியோட். அந்தக் கணக்கில் காவிரிக் கரைப் பள்ளிபாளையம் மெக்லியோட் வட்டாரம். இந்த மொத்த நிலப்பரப்புக்கும் அன்று பாராமகால், சேலம் சீமை என்று பெயர்.

இவர்கள் செய்ய வேண்டிய வேலை, நிலவரி நிர்ணயம். எளிய வழி ஒன்று இருந்தது. பெரிய ஆள் ஒருவரைப் பிடித்து ஜமீன்தார் ஆக்கி, மொத்தமாக ஒரு தொகை பேசி வாங்கிக்கொண்டு போவது. வங்காளத்தில் 1793-ல் கார்ன்வாலிஸ் நிரந்தரமாக்கியது அந்த முறையைத்தான். அதற்கு அதிகாரிக்கு மொழியே தேவையில்லை. ஜமீன்தாரோடு பேச ஒரு துபாஷ் போதும்.

ரீட் குழு போன பாதை வேறு. வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு விவசாயியோடும் நேரடியாக வரி பேசும் முறையை நோக்கி அவர்கள் நகர்ந்தார்கள். பிறகு ரயத்துவாரி என்று பெயர் பெற்றது இதுதான். கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு ஊரிலும் மண் வேறு, கிணறு வேறு, பயிர் வேறு. இது மேட்டுக்காடு சாமி, தண்ணி ஏறாது என்று ஒருவர் சொல்கிறார். கர்ணம் அதை நன்செய் என்று எழுதி வைத்திருக்கிறார். யார் சொல்வது சரி? நேரில் போய், காதால் கேட்டு, கணக்கைப் படித்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

அந்தக் கணக்கும் ஒரே மொழியில் இல்லை. ஊர்ப் பேச்சு தமிழ், சில இடங்களில் தெலுங்கு, கன்னடம். பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் இன்றும் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் நெசவாளர் குடும்பங்கள் இருப்பதைப் பார்க்கலாம். மைசூர் ஆட்சியில் மேல்மட்டக் கணக்குகள் கன்னடத்திலும் மராத்தியிலும் இருந்தன. திப்பு அதில் பாரசீகத்தையும் கொண்டுவந்தார். ஆக, ஒரே வயலின் கதை மூன்று நான்கு மொழிகளில் சிதறிக் கிடந்தது.

இந்த ஏழு ஆண்டுகளில் எழுதிய அறிக்கைகளும் கடிதங்களும் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் பின்னாளில் மெட்ராஸ் அரசால் பல பகுதிகளாக அச்சிடப்பட்டன. கொங்கு வரலாறு எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

விஏஓ ஆபீசில் இன்னும் பாரசீகம்

மன்றோ படித்த பாரசீகம் இன்று எங்கே போனது? தேடி ஈரானுக்குப் போக வேண்டாம். குமாரபாளையம் தாலுகா ஆபீசுக்குப் போனால் போதும்.

தாசில்தார் என்ற சொல்லில் முதல் பாதி அரபி, பின்பாதியான தார் பாரசீகம். ஜமாபந்தியில் ஜமா அரபி, பந்தி பாரசீகம். தாலுகா, ஜில்லா, வசூல், பாக்கி, ஆஜர், வக்காலத்து எல்லாமே பாரசீக ஆட்சி மொழி வழியாக வந்து தங்கியவை. ரயத்து என்பதும் அப்படித்தான். கம்பெனிக்கு முன்பிருந்த நவாப், மைசூர் ஆட்சிகளே இவற்றில் பலவற்றைக் கொண்டுவந்துவிட்டன. கம்பெனி அதை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டது. மொழி போய்விட்டது, சொற்கள் மட்டும் ஆபீசிலேயே நிரந்தரப் பணியில் இருக்கின்றன.

பாரசீகத்தின் வீழ்ச்சியும் வேகமாகத்தான் நடந்தது. வங்காளத்தில் நீதிமன்ற மொழியாக இருந்த அதை 1837 சட்டம் இறக்கியது. மன்றோ இறந்து பத்தே வருடத்தில். அந்த இடத்தை மேலே ஆங்கிலமும் கீழே வட்டார மொழிகளும் பிடித்தன.

தருமபுரித் தோட்டமும் கன்னட நாடும்

தருமபுரியில் மன்றோ ஒரு தோட்டம் போட்டார். செடி, பழமரங்கள் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு கொல்லப்பட்டு, மைசூரைப் பங்கு போடும் குழுவுக்கு இரண்டு செயலாளர்கள் நியமிக்கப்பட்டபோது அதில் ஒருவர் மன்றோ. இன்னொருவர் ஜான் மால்கம்.

மால்கமும் ஸ்காட்லாந்துக்காரர், அவரும் சின்ன வயதிலேயே மெட்ராஸ் வந்தவர், அவரும் பாரசீகம் படித்தவர். நிஜாம் பக்கம் இருந்த படைக்கு மொழிபெயர்ப்பாளர் வேலையில் தொடங்கி, பாரசீகத்துக்கே தூதராகப் போய், அந்த நாட்டின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். ஒரே மொழி ஒருவரை டெஹ்ரான் அரசவைக்குக் கொண்டுபோனது. இன்னொருவரை வயல் வரப்புக்கு.

மன்றோவுக்கு அடுத்த ஊர் கனரா, அதாவது மங்களூர்ப் பக்கக் கடற்கரை. தருமபுரியை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை. கன்னடம், துளு, கொங்கணி என்று பேச்சு மாறியது. மழை கொட்டித் தீர்த்தது. ஒன்றரை வருடத்துக்குள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு 1800-ல் பெல்லாரி, கடப்பா, அனந்தப்பூர், கர்நூல் பக்கம் போனார். நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்கள் அவை. இப்போது தெலுங்கும் கன்னடமும்.

அங்கே ஏழு வருடம். பெரும்பகுதி கூடாரத்தில்தான் வாழ்க்கை. ஓர் ஊரில் கூடாரம் அடிப்பது, விவசாயிகள் வந்து உட்காருவார்கள், வரி பேச்சு, தகராறு, பஞ்சாயத்து, மறுநாள் அடுத்த ஊர். மொழியை மறக்காமல் இருக்க அவர் தனியாக எந்தப் பயிற்சியும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. வேலையே பயிற்சி. பேசாவிட்டால் வேலை நடக்காது.

அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த மொழித் திறமை எல்லாம் கடைசியில் எதற்குப் பயன்பட்டது? கம்பெனிக்கு வரி வசூலிக்க. உள்ளூர் பேச்சு புரிந்த அதிகாரியிடம் எந்த வயலையும் மறைக்க முடியாது. பாளையக்காரர்களை அடக்கியதும் இதே மன்றோதான். விதித்த வரி விவசாயிக்குப் பாரமாக இருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 1807-ல் கிளம்பும் முன்பு நாலில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம் வரியைக் குறைக்கச் சொல்லி எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. 1820-ல் அவரே கவர்னராகி வந்த பிறகுதான் அந்தக் குறைப்பு நடந்தது. நடுவில் 13 வருடம் விவசாயிகள் கொடுத்தது கொடுத்ததுதான்.

லண்டனில் ஒரு சாட்சி

1807 முதல் 1814 வரை மன்றோ பிரிட்டனில். 1813-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் விவாதத்தில் நாடாளுமன்றக் குழு முன்பு சாட்சி சொன்னார். இந்தியர்கள் நாகரிகத்தில் தாழ்ந்தவர்களா என்ற தொனியில் கேள்விகள். இந்தியாவின் விவசாயம், கைத்திறன், ஊர்தோறும் பள்ளி, விருந்தோம்பல் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுவிட்டு, நாகரிகத்தை இரண்டு நாடுகளும் வணிகம் செய்துகொண்டால் அதை இறக்குமதி செய்வதில் லாபம் இங்கிலாந்துக்குத்தான் என்ற பொருளில் பதில் சொன்னார். 27 வருடம் ஊர் ஊராகச் சுற்றிய ஆள் என்பதால் யாராலும் லேசில் மறுக்க முடியவில்லை.

இதற்கிடையில் மெட்ராஸிலும் காற்று மாறிவிட்டது. 1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் நிறுவிய எல்லிஸ் அதன் மூளை. புதிதாக வரும் சிவில் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் சொல்லிக்கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். 1792-ல் நான்கு ராணுவ அதிகாரிகளிடம் மட்டும் இருந்த தகுதி, 20 வருடத்தில் எல்லோருக்கும் கட்டாயப் பாடம் ஆகிவிட்டது.

மன்றோ 1814-ல் திரும்பி வந்து நீதித்துறையைச் சீர்திருத்தினார். ஜனங்களுடைய பேச்சே தெரியாத நீதிபதி, எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. கிராம முன்சீப், பஞ்சாயத்து என்று சின்ன வழக்குகளை உள்ளூர் ஆட்களிடமே விடும் சட்டங்கள் 1816-ல் வந்தன. 1817-18 மராத்தா போரில் தளபதியாகப் போய்விட்டு, 1820-ல் மெட்ராஸ் கவர்னர்.

கவர்னர் நாற்காலியில் இருந்து அவர் செய்த ஒரு வேலை இன்றும் விவாதத்தில் இருக்கிறது. 1822-ல் எல்லா கலெக்டர்களுக்கும் கடிதம் போட்டார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், யார் படிக்கிறார்கள், எந்த மொழியில் என்று கணக்குக் கேட்டார். பதில் வந்து சேர நான்கு வருடம் ஆனது. மெட்ராஸ் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள் தொகை 1.28 கோடி. ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் பரவுவதற்கு முன்பே நம் ஊர்களில் எவ்வளவு படிப்பு இருந்தது என்பதற்கு இன்று எடுத்துக்காட்டும் எண்கள் இவைதான். ஜில்லாவுக்கும் தாசில்தார் வட்டத்துக்கும் அரசுப் பள்ளிகள், ஆசிரியர்களைத் தயார்படுத்த மெட்ராஸில் ஒரு பள்ளி என்று 1826-ல் திட்டம் போட்டார். அவர் இறந்த பிறகு அது வாடிப்போனது.

பத்திகொண்டாவும் மந்திராலயமும்

1827-ல் ஓய்வு பெற்று ஊருக்குப் போக வேண்டிய நேரம். போகும் முன்பு பழைய மாவட்டங்களைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அங்கே காலரா பரவியிருந்தது. ஜூலை 6-ல் இன்றைய கர்நூல் மாவட்டத்தில் இருக்கும் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். வயது 66. முதலில் குத்தியில் அடக்கம் செய்து, 1831-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். சான்ட்ரே செய்த குதிரைச் சிலை 1839-ல் நிறுவப்பட்டது. இவ்வளவு பெரிய சிலையில் சேணமும் இல்லை, கால் வைக்கும் வளையமும் இல்லை என்று சென்னைவாசிகள் இன்றும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

ராயலசீமையில் நினைவு வேறு மாதிரி. பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி அதிகாரி ஒருவரின் பெயர் குலதெய்வப் பெயர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது அபூர்வம்தான்.

அங்கே எல்லோரும் சொல்லும் கதை மந்திராலயத்தில் நடக்கிறது. மடத்தின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று விசாரிக்க மன்றோ வந்தாராம். செருப்பைக் கழற்றிவிட்டு ராகவேந்திரர் பிருந்தாவனத்தின் முன் நின்று பேச ஆரம்பித்தாராம். 1671-லேயே ஜீவசமாதி அடைந்த மகான் எதிரே வந்து பதில் சொன்னாராம். கூட வந்தவர்களுக்கு மகானும் தெரியவில்லை, அவர் பேச்சும் கேட்கவில்லை. மன்றோ பேசியது மட்டும்தான் காதில் விழுந்தது. நிலம் மடத்துக்கே விடப்பட்டது. அவர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால், சிலர் கன்னடம் என்கிறார்கள், சிலர் ஆங்கிலம் என்கிறார்கள். துபாஷ் யாரும் நடுவில் இருந்ததாக மட்டும் எந்தக் கதையிலும் வரவில்லை.